மீன் தொடாதவள்

நகோயா பக்கம்
9 ஜூன் 2024

அன்புள்ள சுகுணா அக்காவுக்கு,

உன் தேன்மொழி எழுதுகிறேன். நானும் இவரும் நலம். நீ, அம்மா, அருள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முழங்கால் காட்டுக்கு இறங்கி ஏற விடுகிறதா?

போனில் கேட்கலாம்தான். ஆனால் நம் ஊரில் டவர் கிடைப்பது பள்ளிக்கூடத்து மேட்டில் மட்டும். அங்கே நின்று பேசினால் பாதி ஊருக்குக் கேட்கும், மீதி ஊருக்கு அருள் சொல்லிவிடுவான். வாட்ஸ்அப்பில் எழுதினாலும் அவன்தான் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவான். போஸ்ட் மாஸ்டர் அக்காவை வைத்துக்கொண்டு எனக்கு என்ன கவலை, கடிதமே எழுதிவிடுகிறேன்.

ஜப்பான் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. இவர் நல்லவர் அக்கா. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். எனக்குத் தலைவலி என்றால் இவர் சுக்கு தட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமையானால் வெளியே சாப்பிடலாம் வா என்கிறார். அங்கேதான் சங்கடம். இவருக்குக் கோதுமை ஆகாது என்று பெண் பார்க்க வந்தபோதே சொன்னார்கள் அல்லவா? இங்கே சோயா சாறு முதற்கொண்டு எல்லாவற்றிலும் கோதுமை. கோதுமை இல்லாத ஒன்றைத் தேடிப் பிடித்தால் அதில் மீன். வேகவைத்த கீரையின் தலையில்கூடக் காய்ந்த மீனைச் சீவித் தூவுகிறார்கள். சூட்டில் அந்தச் சீவல் நெளிகிறது.

இவர் ஒரு அட்டை வைத்திருக்கிறார். கோதுமை சாப்பிட்டால் நோய் என்று கம்பெனி டாக்டர் எழுதிக் கொடுத்தது. போன வாரம் ஓட்டலில் பரிமாறுகிற பெண் அதைப் படித்ததும் உள்ளே ஓடினாள். சமையல்காரரே வெளியே வந்துவிட்டார். வாணலியைக் கழுவி, தனிக் கரண்டி போட்டுச் சமைத்து, சிவப்புத் தட்டில் கொண்டுவந்தார்கள். சிவப்புத் தட்டு என்றால் வியாதிக்காரர் சாப்பாடு, கை மாறக் கூடாதாம். அப்புறம் என்னைக் காட்டி இவர் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். அவள் தலை குனிந்து சிரித்தாள்.

“என்ன சொன்னீங்க?” என்றேன்.

“எங்க ஊட்டுக்காரி சாமிக்கு நேர்ந்துக்கிட்டவ, மீன் தொடமாட்டான்னு சொன்னேன்” என்றார். அத்தனை பெருமை.

எனக்கு வெள்ளைத் தட்டுதான் வந்தது. மீன் சீவலை எடுத்துவிட்டிருந்தார்கள். கீரை அதே கீரை. இரண்டு வாய் தின்றேன், உதடு அரிக்க ஆரம்பித்துவிட்டது. கை கழுவப் போகிற மாதிரி போய் மாத்திரை போட்டுக்கொண்டேன்.

ஏழு வயதில் கெண்டைக் குழம்பு தின்று ஊதிப்போனேனே, பதினேழு வயதில் ராசிபுரம் சித்தப்பா வீட்டு விருந்தில் மூச்சடைத்து விழுந்தேனே, இனி மீன் பட்டால் உயிருக்கே ஆபத்து என்று நாமக்கல் டாக்டர் எழுதிக் கொடுத்தாரே, இதெல்லாம் மீனால் வந்தது என்று உனக்கும் அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும். இவரைப் பொறுத்தவரை நான் நம் மலைக் கோயில் அறப்பளீஸ்வரருக்கு நேர்ந்துகொண்டு மீன் தொடாதவள். இவர் நோய்க்குச் சிவப்புத் தட்டு, என் சாமிக்கு ஒரு சிரிப்பு. நினைத்தால் எனக்கும் சிரிப்புத்தான் வருகிறது.

கொண்டுவந்த மாத்திரை தீரப்போகிறது. இங்கே டாக்டரிடம் போனால் இவர்தான் பேச வேண்டும். நீதான் எப்படியாவது அனுப்ப வேண்டும்.

பதிலுக்குத் தபால் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்,
தேனு

கொல்லிமலை
1 ஜூலை 2024

அன்புத் தங்கை தேனுவுக்கு அக்கா சுகுணா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. என் கையால் பையைப் பிரித்து, என் கையால் முத்திரை குத்தி, எனக்கே பட்டுவாடா செய்துகொண்டேன். இங்கு எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் மழை வருவதற்கு முந்தின நாள் வலிக்கிறது, மற்றபடி ஓடுகிறது.

பார்சல் அனுப்பியிருக்கிறேன். ராகி மாவு, சாமை, நம் காட்டு மிளகு. இரண்டு பேருக்கும் ஒத்துக்கொள்கிற சாப்பாடு அது. வீட்டிலேயே ஆக்கிப் போடு. என்ன ஞாயிற்றுக்கிழமை, என்ன ஓட்டல்?

அதில் ஒரு திருநீற்றுப் பொட்டலம் இருக்கும். நீ மட்டும் பிரி. அடியில் மூன்று அட்டை மாத்திரை வைத்திருக்கிறேன். திருநீறு என்றால் மாப்பிள்ளை தொட்டுக் கும்பிட்டுவிட்டு அப்படியே வைத்துவிடுவார், கிளறிப் பார்க்க மாட்டார்.

இன்னொரு சங்கதி. நம் வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை, அருளுக்கு முப்பத்து மூன்று முடியப்போகிறது. மலையில் மரவள்ளி போடுகிறவனுக்குப் பெண் கொடுக்க யாரும் இல்லை. ஒன்பது இடம் பார்த்து ஒன்பதும் கைகூடவில்லை, உனக்குத் தெரியும். போன வாரம் வாசலூர்பட்டியிலிருந்து உன் மாமியாரே வந்தார். “உங்க பொண்ணை எங்களுக்குக் குடுத்தீங்க. எங்க பொண்ணு மேகலாவை அருளுக்குக் குடுக்கலாம்னு இருக்கோமுங்க” என்றார். தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. அருள் அன்றைக்கே வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்துவிட்டான்.

ஆகையால் பார்த்து நடந்துகொள் கண்ணு. உங்கள் இருவருக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும்.

உன் அக்கா,
சுகுணா

நகோயா பக்கம்
4 ஆகஸ்ட் 2024

என் அக்காவுக்கு,

இங்கு நலம். அருளுக்கு என் முத்தம் ஒன்று கொடு, வெட்கப்படுவான். மேகலா நல்ல பெண். சுண்ணாம்பு அடிக்க எனக்காக ஒரு சுவராவது மிச்சம் வைக்கச் சொல்.

பார்சல் வந்தது. நீ சொன்ன மாதிரியே இவர் திருநீற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். தினமும் ஒரு பூ வேறு வைக்கிறார். என் மாத்திரைக்குப் பூசை நடக்கிறது அக்கா.

வீட்டில் ராகிக் களியும் சாமைச் சோறும்தான். ஆனால் வெளியே போகாமல் இருக்க முடியவில்லை. இவரோடு வேலை செய்கிறவர்கள் கூப்பிடுகிறார்கள். போன வாரம் ஒருவர் பிறந்தநாளுக்குப் போனோம். சுடச்சுட ஒரு காய்கறிச் சூப் வந்தது. மீன் கண்ணில் படவில்லை, குடித்தேன். வீடு வருவதற்குள் கழுத்து, முதுகெல்லாம் தடிப்பு. இவர் பதறிப்போய் என்ன என்று கேட்டார். பூச்சி கடித்துவிட்டது என்றேன். மெத்தையைத் தூக்கிப் போட்டு, அறை முழுவதும் மருந்தடித்தார் பாவம்.

ஒன்று சொன்னால் திட்டுவாய். என் வேண்டுதலுக்குத் துணையாக இவரும் மீனை விட்டுவிட்டார். “நீ தொடாததை நான் மட்டும் எப்படித் தின்னுவேன்” என்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இவரிடம் சொல்லிவிடட்டுமா அக்கா? இவருக்கும்தானே ஒரு வியாதி. பெண் பார்க்க வந்த இடத்தில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு சொன்னார்கள், நாமும் தலையாட்டினோம். ஆம்பளைக்கு வந்தால் அது கோதுமையின் குற்றம், பொம்பளைக்கு வந்தால் அது பொண்ணோட குற்றமா?

எல்லோரையும் மிகவும் கேட்டதாகச் சொல்.
தேனு

கொல்லிமலை
23 ஆகஸ்ட் 2024

தேனுவுக்கு,

எல்லோரும் சுகம். உன் சுகம் நினைத்துத்தான் எனக்குத் தூக்கமில்லை.

சொல்லாதே.

நீ மறந்துவிட்டாய், நான் மறக்கவில்லை. ராசிபுரம் விருந்தில் நீ விழுந்ததை எத்தனை பேர் பார்த்தார்கள்? காக்காய் வலிப்பு என்றார்கள். செம்மேடு பஸ் ஸ்டாண்டில் என் காதுபடவே சொன்னார்கள். அதனால் இரண்டு இடம் தட்டிப்போனது. இரண்டாவது இடத்துக்காரர்கள் தட்டிலிருந்த வெற்றிலையைக்கூட எடுக்காமல் எழுந்து போனார்கள். அன்றைக்கு அம்மா அழுத அழுகையைப் பார்த்துத்தான் நான் வேண்டுதல் என்று சொல்ல ஆரம்பித்தேன். கோயில் ஆற்று மீனையே சாமியாக நினைத்துப் பொரி போடுகிற மலையில் மீனை விட்டவள் என்றால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கேட்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுப் பெண் எடுத்துப் போனார்கள்.

போன வெள்ளிக்கிழமை உன் மாமியார் என்ன சொன்னார் தெரியுமா? “எங்க புள்ளையை நம்பிக் குடுக்கறோமுங்க. உங்க ஊட்டுல ஒளிவு மறைவு எதுவும் இருக்காதுங்கற தைரியத்துலதான்” என்றார். நான் காபி எடுத்துவர உள்ளே போய்விட்டேன்.

தை வரைக்கும் பொறு. தாலி ஏறட்டும். மறுநாளே சொல், நானே வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். ஐந்து மாதம்தானே கண்ணு. பல்லைக் கடித்துக்கொண்டு இரு. படித்ததும் இதைக் கிழித்துப் போடு.

உன் நல்லதையே நினைக்கும்,
சுகுணா

நகோயா பக்கம்
22 செப்டம்பர் 2024

மதிப்புக்குரிய சுகுணா அக்காவுக்கு ரமேஷ்குமார் வணக்கத்துடன் எழுதுவது.

நாங்கள் இருவரும் நலம். அங்கு அத்தை, அருள்மொழி, தாங்கள் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். தேன்மொழிக்குத் தாங்கள் எழுதும் கடிதங்களைத் தபால் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பது நான்தான். நான் எழுதுவது இதுதான் முதல்முறை, பிழை இருந்தால் பொறுக்கவும்.

ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். தேன்மொழி வர வர வெளியே சாப்பிடப் பயப்படுகிறாள். கேட்டால் பசியில்லை என்கிறாள். வேண்டுதலுக்குப் பங்கம் வந்துவிடும் என்று பயப்படுகிறாள் போலிருக்கிறது. இந்த நாட்டில் மீன் கண்ணுக்குத் தெரியாமல் சாற்றில் இருக்கிறது. தெரியாமல் பட்டுவிட்டால் தெய்வக் குற்றமா? பரிகாரம் உண்டா? எனக்கு டாக்டர் எழுதிய அட்டை இருப்பதுபோல அவளுக்கும் ஒன்று எழுதிக் கொடுக்க ஆசைப்படுகிறேன். வேண்டுதலைப் பற்றி முழு விவரம் தங்களுக்குத்தான் தெரியும் என்றாள். தாங்கள் சொல்வதை ஒரு எழுத்து மாறாமல் அப்படியே எழுதுகிறேன். என்னால் அவளுக்கு ஒரு குறை வந்தது என்று இருக்கக் கூடாதுங்க.

பெரியவர்களுக்கு என் நமஸ்காரம்.

தங்கள்,
ரமேஷ்குமார்

கொல்லிமலை
15 அக்டோபர் 2024

மாப்பிள்ளைக்கு சுகுணா எழுதுவது.

எல்லோரும் சுகமாக இருக்கிறோம். பதில் தாமதம், மன்னிக்கவும். மழையில் பாதையில் மண் சரிந்து இரண்டு நாள் பஸ் ஓடவில்லை.

கோயிலில் கேட்டேன். துளியும் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். துண்டு மட்டுமல்ல, சாறும் ஆகாது, வாசமும் ஆகாது. பரிகாரம் என்று எதுவும் கிடையாது. அட்டையில் அதையே எழுதுங்கள்: சாமிக்கு நேர்ந்தவள், மீன் ஒரு துளிகூட ஆகாது.

முடிந்தவரை வீட்டிலேயே சாப்பிடுங்கள். அவளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
சுகுணா

நகோயா பக்கம்
3 நவம்பர் 2024

அக்கா,

இவர் உன் கடிதத்தை மூன்று தடவை படித்தார். மறுநாள் அவர்கள் எழுத்தில் அச்சடித்ததுபோல ஒரு அட்டை எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு என் கைப்பையில் வைத்தார். மேல் மூலையில் சின்னதாக ஒரு கோபுரம் வரைந்திருக்கிறார். கோபுரம் கொஞ்சம் கோணல்.

கோயிலில் கேட்டேன் என்று எழுதியிருக்கிறாயே, உனக்குக் கூசவில்லையா? இவர் உன்னிடம்தான் நேராகக் கேட்டார். அப்போதே சொல்லியிருக்கலாம்.

கோபித்துக்கொள்ளாதே. எனக்குப் பயமாக இருக்கிறது. அட்டையைக் காட்டுகிறேன், மரியாதையாகத்தான் சமைக்கிறார்கள். ஆனால் கரண்டி ஒன்றுதான், எண்ணெய் ஒன்றுதான். போன ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வரும்போது நெஞ்சில் விசில் அடித்தது. பேச்சு வரவில்லை. இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர் நான் ஊரை நினைக்கிறேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னும் மூன்று மாத்திரைதான் மீதி.

டிசம்பர் 14 இவர் கம்பெனியில் வருடக் கடைசி விருந்து. மேலதிகாரி என் வேண்டுதலைக் கேள்விப்பட்டு எனக்கென்று தனிச் சாப்பாடு சொல்லிவிட்டாராம். போகாமல் இருக்க முடியாது. அதற்கு முன்னால் இவரிடம் சொல்லிவிட வேண்டும். தை வரைக்கும் என்னால் முடியாது.

ஆனால் உன்னைக் கேட்காமல் சொல்ல மாட்டேன். நான் பாட்டுக்குச் சொல்லி, அருள் கல்யாணம் நின்றால் அவன் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? ஒரே வரி எழுது. சம்மதம் என்று. கடிதம் வருகிற அன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.
தேனு

கொல்லிமலை
20 நவம்பர் 2024

என் கண்ணு தேனு,

நேற்றுத்தான் உன் கடிதம் வந்தது. நேற்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

சொல்லிவிடு. அக்கா சம்மதம்தான். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அருள் கல்யாணம் நின்றால் நிற்கட்டும். உன்னைவிட எனக்கு எதுவும் பெரிதில்லை.

மாப்பிள்ளையிடம் சொல், அந்தக் கோபுரம் போட்ட அட்டையைத் தூக்கிப் போடச் சொல். இது சாமி காரியம் இல்லை, வியாதி, மீன் பட்டால் இவள் உயிர் போய்விடும் என்று புதிதாக எழுதச் சொல். அங்கே டாக்டரிடம் கூட்டிப் போகச் சொல். அக்காதான் பொய் சொல்ல வைத்தாள் என்று என்மேல் பழியைப் போடு. உண்மையும் அதுதானே.

இன்றைய பையிலேயே இதைப் போட்டுவிடுகிறேன். விருந்துக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடும்.

உன் அக்கா

கொல்லிமலை
17 டிசம்பர் 2024

மாப்பிள்ளைக்கு,

என்ன எழுதுவது? அம்மா பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. தேன்மொழி முகத்தைக்கூடப் பார்க்க எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. தகனம் அங்கேயே முடிந்துவிட்டது என்று போனில் சொன்னீர்கள். எலும்பையாவது நம் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள். எல்லாம் விதி. உங்களைக் குறை சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை.

ஒரு சின்ன விஷயம். தேன்மொழிக்கு நான் எழுதிய கடிதம் ஒன்று வழியில் இருக்கிறது. வந்தால் பிரிக்காமல் எரித்துவிடுங்கள். போனவர்களுக்கு எழுதியதை இருப்பவர்கள் படிக்கக் கூடாது என்று நம் மலையில் ஒரு வழக்கம் உண்டு.

சாப்பிட்டீர்களா? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுகுணா

நகோயா பக்கம்
24 டிசம்பர் 2024

அக்காவுக்கு,

நலம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. போனில் சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

அன்று கிளம்பும்போது தபால் பெட்டியைத் திறந்து பார்த்தாள். காலையிலும் பார்த்தாள், மத்தியானமும் பார்த்தாள். “என்ன வரணும்?” என்று கேட்டேன். “அக்கா கடுதாசி. வந்ததும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றாள். “இப்பவே சொல்லு” என்றேன். சிரித்தாள். “வரட்டுமுங்க” என்றாள். போகாமல் இருந்துவிடலாமா என்றும் கேட்டாள். மேலதிகாரி தனியாகச் சொல்லிவைத்திருக்கிறார், நன்றாக இருக்காது என்று நான்தான் கூட்டிப்போனேன்.

எங்கள் இருவருக்கும் மேசையிலேயே கொதிக்கிற தனித்தனிப் பானை வைத்தார்கள். என் பானைக்குக் கழுவிய கரண்டி, சிவப்புத் தட்டு. அவள் பானையில் மீன் இல்லாத சாறுதான் ஊற்றியிருந்தார்கள். சாறு குறையும்போது மட்டும் எல்லோருக்கும் ஊற்றிய கரண்டியால் ஊற்றியிருக்கிறார்கள். அந்தச் சமையல்காரர் மறுநாள் வீட்டு வாசலில் வந்து மண்டியிட்டு அழுதார். நோய்க்காரர் பானை என்றால் அந்தக் கரண்டியைப் பக்கத்தில்கூட வைத்திருக்க மாட்டேன், இது சாமிக்காகத்தானே என்று நினைத்தேன் என்றார்.

பாதிச் சாப்பாட்டில் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், காற்றுத்தான் வந்தது. ஆம்புலன்சில் வந்தவர் என்னைப் பார்த்து “அலர்ஜியா?” என்று கேட்டார். அந்த வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும் அக்கா, என் அட்டையிலேயே இருக்கிறது. இல்லை என்றேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். இல்லை, அவள் சாமிக்கு நேர்ந்தவள் என்றேன். மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் அதையே சொன்னேன். மூன்று தடவை சொன்னேன். அவர்கள் வேறு காரணம் தேடிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள்.

துளியும் ஆகாது, பரிகாரம் கிடையாது என்று எழுதியிருந்தீர்கள். நான் அவளை வற்புறுத்திக் கூட்டிப்போய் வேண்டுதலைக் கெடுத்தேன். சாமி என்னைத் தண்டித்திருக்கலாம். அவளை ஏன் தண்டித்தது?

ரமேஷ்குமார்

நகோயா பக்கம்
6 ஜனவரி 2025

அக்காவுக்கு,

டிசம்பர் 30 அன்று தாங்கள் தேன்மொழிக்கு எழுதிய கடிதம் வந்தது. இதுவரை அவள் கடிதம் எதையும் நான் பிரித்ததில்லை. இதைப் பிரித்தேன். எரிக்கச் சொன்ன கடிதம் நேற்று முன்தினம்தான் வந்தது. நானும் அதே மலையில் பிறந்தவன். அப்படி ஒரு வழக்கத்தை நான் கேட்டதில்லை.

சாமி படத்துக்கு முன்னால் இருந்த திருநீற்றுப் பொட்டலத்தையும் பிரித்தேன். காலி மாத்திரை அட்டை மூன்று இருந்தது. தங்களின் பழைய கடிதங்கள் அவள் பெட்டியில் இருந்தன. அவள் எதையும் கிழிக்கவில்லை. எல்லாவற்றையும் படித்துவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கடிதத்தில் 20 நவம்பர் என்று எழுதியிருக்கிறீர்கள், இன்றைய பையிலேயே என்றும் எழுதியிருக்கிறீர்கள். உறைமேல் தங்கள் அஞ்சலக முத்திரையில் 11 டிசம்பர் என்று இருக்கிறது. மழை, மண்சரிவு என்று சொல்ல வேண்டாம். முத்திரை குத்துவது தாங்கள்தான்.

அந்த இருபத்தொரு நாளும் இந்தக் கடிதம் எங்கே இருந்தது?

ரமேஷ்குமார்

கொல்லிமலை
25 ஜனவரி 2025

மாப்பிள்ளைக்கு சுகுணா எழுதுவது.

உங்கள் கடிதம் நான்கு நாளைக்கு முன்னால் வந்தது. பதில் சொல்கிறேன்.

என் மேசை இழுப்பறையில் இருந்தது.

நவம்பர் 20 காலையில் எழுதி, தபால் தலை ஒட்டி வைத்தேன். பையைக் கட்டுகிற நேரத்தில் அருள் ஓடி வந்தான். “அக்கா, பத்திரிகை அடிக்கக் குடுக்கலாம்னு சம்பந்தி ஊட்டுல சரின்னுட்டாங்க” என்றான். அவன் அப்படி ஓடி நான் பார்த்துப் பல வருடம் ஆகிறது. பத்திரிகை அச்சாகிவிட்டால் யாரும் பின்வாங்க மாட்டார்கள், ஒரு வாரம்தானே என்று நினைத்தேன். கடிதத்தை இழுப்பறையில் போட்டேன். அச்சகத்தில் ஒரு வாரம் மூன்று வாரமானது. தினமும் காலையில் முத்திரையில் தேதியை மாற்றுவது என் வேலை. அந்த இருபத்தொரு நாளில் ஞாயிறு போகப் பதினெட்டுத் தடவை மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் அது அங்கேதான் இருந்தது.

டிசம்பர் 8 போனில் பேசினோமே, நீங்களும் பக்கத்தில் இருந்தீர்கள். “கடுதாசி போட்டியாக்கா?” என்று கேட்டாள். “போட்டுட்டேன் கண்ணு, வந்துக்கிட்டே இருக்கு” என்றேன். என்னைச் சுற்றி அம்மா, அருள், இன்னும் நாலு பேர் நின்றார்கள். சொல்லிவிடு என்று ஒரு வார்த்தை அந்தப் போனிலேயே சொல்லியிருக்கலாம். அவளுக்குப் புரிந்திருக்கும். சொல்லவில்லை. பத்தாம் தேதி பத்திரிகைக் கட்டு வந்தது. பதினொன்றாம் தேதி அந்தக் கடிதத்தைப் பையில் போட்டேன்.

நேற்று வாசலூர்பட்டிக்குப் போனேன். நாமக்கல் டாக்டர் சீட்டையும் எடுத்துப்போய் உங்கள் அப்பா அம்மா முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் அம்மா அந்தச் சீட்டைக் கையில் எடுத்தார். “எங்க பையனுக்கே ஒரு வியாதி இருக்குதுங்களே. சொல்லியிருந்தா நாங்க வேண்டாம்னா சொல்லியிருப்போம்?” என்றார். வேண்டாம் என்று சொல்லியிருப்பார்களோ மாட்டார்களோ, நான் அவர்களைக் கேட்டதே இல்லை. கல்யாணத்தைப் பற்றி அவர்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அருளுக்கும் தெரியும். பத்திரிகைக் கட்டைப் பிரிக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். என்னோடு பேசுவதில்லை. தபாலை மறித்து வைத்தேன் என்று எங்கள் தபால் இலாகா மேலதிகாரிக்கும் எழுதிவிட்டேன். அவர்கள் செய்வதைச் செய்யட்டும்.

நீங்கள் சாமிக்குப் பயப்பட வேண்டாம். சாமி அவளிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டது நான். ஆம்புலன்சில் நீங்கள் சொன்ன பதிலும் உங்களுடையது இல்லை, நான் உங்கள் வாயில் வைத்தது. டாக்டர் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். அந்தச் சமையல்காரரிடம் காட்டி, அவர்மேல் குற்றம் இல்லை என்று அவர் பாஷையில் சொல்லிவிடுங்கள்.

உங்கள் சுகத்தைக் கேட்கிற உரிமை எனக்கு இல்லை, அதனால் கேட்கவில்லை.

இதை இப்போதே பையில் போடுகிறேன். உறையைத் திருப்பிப் பாருங்கள். எழுதிய தேதியும் முத்திரைத் தேதியும் ஒன்றாக இருக்கும்.

சுகுணா